முதுகெலும்பில் கட்டியாம், புற்றுநோய் இல்லையாம்: அப்படியென்றால் பயப்படணுமா வேண்டாமா?

கேள்வி (12.1.2024, மாலை 6:05)

அம்மாவுக்கு 52 வயது. 20 வருஷம் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் சீவியவர். குறுக்கு வலி என்று எம்.ஆர்.ஐ. எடுத்தோம். ரிப்போர்ட்டில் டி 11 எலும்பில் (முதுகெலும்பின் நெஞ்சுப் பகுதியில் 11-ஆவது) 'ஹெமஞ்சியோமா' என்று ஒரு வரி. கிளினிக்கில் "கெதும்புஹான், தாப்பி புக்கான் கன்செர்" (வளர்ச்சி, ஆனால் புற்று இல்லை) என்று மலாயில் சொல்லி அனுப்பிவிட்டார்கள். அம்மா அந்த 'கெதும்புஹானை'ப் பிடித்துக்கொண்டு மூன்று நாளாகச் சரியாகச் சாப்பிடுவதில்லை. புற்று இல்லையென்றால் அது எதுக்கு எலும்புக்குள் வளரணும்? அறுத்து எடுத்துப் போட்டுவிடலாம் என்கிறார் மாமா. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

12.1.2024, இரவு 11:20

தம்பி, மாமாவை முதலில் கத்தியைக் கீழே வைக்கச் சொல்லுங்கள்.

ஹெமஞ்சியோமா என்பது எலும்புக்குள் ரத்தக்குழாய்கள் கொத்தாகச் சேர்ந்து, நடுவில் கொழுப்பும் கலந்து கிடப்பது. முதுகெலும்பில் வருகிற சாதுவான கட்டிகளில் இதுதான் ரொம்ப சகஜம். ஜெர்மனியில் டிரெஸ்டன் நகரத்தில் ஷ்மோர்ல் என்று ஒரு டாக்டர், போன நூற்றாண்டின் முதல் பாதியில், இறந்தவர்களின் முதுகெலும்பை ஆயிரக்கணக்கில் அறுத்துப் பார்த்தார். பத்துக்கு ஒன்றில் இது இருந்தது. மலேசியாவில் நம் சுங்கை சிப்புட் ஊர்க் காலைச் சந்தையில் மீன் வாங்க நிற்கிற பத்துப் பேரை வரிசையாக எம்.ஆர்.ஐ.க்கு அனுப்பினால் சராசரியாக ஒருத்தருக்கு இருக்கும். அவர் பாட்டுக்குக் கெம்போங் மீன் விலையைப் பேரம் பேசிக்கொண்டிருப்பார்.

அது ஒன்றும் செய்யாது. அம்மாவைச் சாப்பிடச் சொல்லுங்கள். மீதி நாளைக்கு, கண் சொருகுது.

13.1.2024, காலை 7:15

'நீங்க டாக்டரா' என்று யாரோ தனிச்செய்தியில் கேட்டிருக்கிறீர்கள். இல்லை. செம்பனை (எண்ணெய்ப் பனை) மில்லில் 31 வருஷம் தராசுக் கிராணி, அதாவது எடை எழுதும் குமாஸ்தா. லாரி ஏறும், எடை பார்ப்பேன், லாரி இறங்கும், எடை பார்ப்பேன். ஆனால் என் முதுகிலும் ஒரு கட்டி இருந்தது. 2016-இல் எடுத்தார்கள். அது ஹெமஞ்சியோமா இல்லை, ஷ்வானோமா, நரம்பு உறையில் வளர்வது. அந்த வருஷத்திலிருந்து இந்த விஷயத்தில் கிடைத்ததையெல்லாம் படிக்கிறேன். பார்க்கிற டாக்டர்களையெல்லாம் கேட்டு அறுக்கிறேன். வீட்டுக்காரி சொல்லுவாள், 'கட்டி போச்சு, கட்டிப் பேச்சு போகல.'

13.1.2024, மதியம் 1:40

தம்பி கேட்டதில் ஒரு வரிக்கு நேற்று பதில் சொல்லவில்லை. 'புற்று இல்லையென்றால் எதுக்கு வளரணும்?' நம் மொழியிலேயே கோளாறு இருக்கிறது. வேனல்கட்டியும் கட்டி, புற்றுக்கட்டியும் கட்டி, மங்கில் (ரப்பர் பால் பிடிக்கிற கிண்ணம்) உறைந்து கிடப்பதும் கட்டிப்பால், நாளை மறுநாள் பொங்கல் பானையில் போடப் போவதும் வெல்லக்கட்டி. ஒரே சொல். மலாய் 'கெதும்புஹான்' அதைவிட மோசம், என்னவோ செடி முளைத்த மாதிரி.

டாக்டர்கள் 'சாதுவான கட்டி' என்றால் அதற்கு அர்த்தம் ஒன்றுதான். அது ரத்தத்தில் ஏறி ஈரலுக்கும் நுரையீரலுக்கும் குடிபோகாது. இருக்கிற இடத்தில் இருக்கும். பெரும்பாலும் மெதுவாக வளரும், அல்லது வளரவே வளராது. அவ்வளவுதான் அந்தச் சொல்லில் இருக்கிறது. 'தொந்தரவு தராது' என்ற உறுதி அதில் இல்லை.

என் வீட்டுப் பின்பக்க லோங்காங்கை (கழிவுநீர்க் கால்வாய்) எடுத்துக்கொள்ளுங்கள். அதில் ஒரு தேங்காய் விழுகிறது. நல்ல தேங்காய்தான், அழுகல் கிடையாது, குருமா வைக்கலாம். ஆனால் மழை வந்தால் தண்ணீர் அடுப்படிக்குள் ஏறும். இதே தேங்காய் கூரைமேல் கிடந்தால் நாம் கண்டுகொள்ளவே மாட்டோம். தண்டுவடம் போகிற குழாய் அந்த லோங்காங் மாதிரி, சுற்றிலும் எலும்பு, விரிந்து கொடுக்காது. முதுகு நடுவில் அது இன்னும் குறுகல். அதனால் முதுகெலும்பில் மட்டும் 'கட்டி நல்லதா கெட்டதா' என்பதோடு நிறுத்தக் கூடாது. 'எங்கே உட்கார்ந்திருக்கிறது, எதைத் தள்ளுகிறது' என்று அடுத்த கேள்வியையும் கேட்கணும்.

உங்கள் அம்மாவின் தேங்காய் இப்போதைக்குக் கூரைமேல். எலும்புக்குள்ளேயே அடங்கியிருக்கிறது என்று ரிப்போர்ட் சொல்கிறதா பாருங்கள். நரம்புக் குழாய்ப் பக்கம் பிதுங்கியிருந்தால் அதைத் தனியாக எழுதியிருப்பார்கள்.

15.1.2024

பொங்கல். தூக்கக் கூடாத பானையைத் தூக்கிவிட்டேன். இன்று எழுத்து இல்லை.

16.1.2024, இரவு 9:50

என் கதையைக் கேட்டிருக்கிறீர்கள். நீளமாகப் போகும், கோப்பி கலக்கிக்கொண்டு வாருங்கள்.

2015 தீபாவளி முடிந்து இரண்டு வாரம் இருக்கும். வலது இடுப்பில் ஆரம்பித்துத் தொடைக்கு ஓடுகிற வலி. பகலில் மில்லில் இருக்கும்போது ஒன்றும் பெரிதாக இல்லை. இரவு படுத்து ஒரு மணி, இரண்டு மணி நேரத்தில் பல்வலி மாதிரி பிடுங்கும். எழுந்து உட்கார்ந்தால் அடங்கும். இப்படி எழுந்து எழுந்து உட்கார்ந்து, கடைசியில் அப்பாவின் பழைய சாய்வு நாற்காலியை ஹாலுக்கு இழுத்துப் போட்டு அதிலேயே தூங்க ஆரம்பித்தேன். ஏழு மாதம். ஜன்னல் வழியாகப் பார்த்த பக்கத்து வீட்டார், வீட்டுக்காரி என்னை அறையைவிட்டுத் துரத்திவிட்டாள் என்று முடிவு கட்டிவிட்டார்கள். ஒரு பெரியவர் தனியாகக் கூப்பிட்டு, 'விட்டுக்கொடுத்துப் போப்பா' என்று புத்தி சொன்னார்.

கிளினிக்குக்குப் போனேன், ஊர் பேர் வேண்டாம். ஊசி, மாத்திரை, ஒரு வாரம் சுமார், மறுபடியும் வலி. எக்ஸ்ரே எடுத்தார்கள், 'சுத்தம்' என்றார்கள். எக்ஸ்ரேயில் எலும்புதான் தெரியும், நரம்பில் இருக்கிற கட்டி தெரியாது என்று அப்போது எனக்கும் தெரியாது. ஆற்றுக்கு அந்தப் பக்கம் கம்போங்கில் (மலாய்க் கிராமம்) உடம்பு பிடித்துவிடுகிற ஒரு பக்சிக் (மலாய்ப் பெரியவர்) 'இனி ஆங்கின்', இது காற்று, என்று சொல்லி எண்ணெய் போட்டு ஒரு மணி நேரம் அழுத்தினார். காற்றா? காற்று என்றால் இத்தனை நாளில் நான் பறந்திருக்கணும். வீட்டுக்காரி கோயில் பூசாரியிடம் மந்திரித்துச் செப்புத் தாயத்து ஒன்றைக் கறுப்புக் கயிற்றில் கோத்து அரைஞாணாகக் கட்டிவிட்டாள்.

2016 ஜூன். பசியாற, வழக்கமான கோப்பிக் கடைக்கு நடந்து போனேன். கடை வாசலில் தவுக்கே (சீன முதலாளி) என் காலைப் பார்த்து, 'அண்ணே, லு புன்யா செலிப்பார் மானா?' (உங்க செருப்பு எங்கே?) என்றார். குனிந்து பார்க்கிறேன், இடது காலில் சிலிப்பர் இருக்கிறது, வலது கால் வெறுங்கால். திரும்பிப் பார்த்தால் இருபதடி பின்னால், லோங்காங் ஓரத்தில், கவிழ்ந்து கிடக்கிறது. கழன்றதும் தெரியவில்லை. அத்தனை தூரம் சரளைக் கல்லில் வெறுங்காலோடு நடந்ததும் தெரியவில்லை. வலிக்குக்கூட நான் அவ்வளவு பயந்ததில்லை. அன்றைக்குத் தே தாரே (பால் டீ) கையில் ஆடியது.

நேரே அரசாங்க ஆஸ்பத்திரி அவசரப் பிரிவு. என் மகள் வயதில் ஒரு ஹவுஸ்மேன் (பயிற்சி) டாக்டர். பஞ்சால் தொட்டார், ஊசி முனையால் தொட்டார், முழங்காலில் சுத்தியல் தட்டினார், கால் கட்டைவிரலை மேலே தூக்கச் சொல்லி அழுத்திப் பார்த்தார். வலது கட்டைவிரல் தோற்றது. அப்புறம் கேட்டார்: 'அங்கிள், ராத்திரி எப்படித் தூங்குறீங்க?'

ஏழு மாதத்தில் யாரும் கேட்காத கேள்வி. எல்லோரும் 'எங்கே வலிக்குது' என்றுதான் கேட்டார்கள். 'எப்போ வலிக்குது' என்று கேட்கவில்லை. நாற்காலிக் கதையைச் சொன்னேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டுப் பெரிய டாக்டரைக் கூப்பிடப் போனார். படுத்தால் கூடி, உட்கார்ந்தால் குறைகிற வலி, நரம்புக் குழாய்க்குள் இருக்கிற கட்டியின் பழைய அடையாளம் என்று அப்புறம் படித்துத் தெரிந்துகொண்டேன். சாதாரணக் குறுக்குப் பிடிப்பு படுத்தால் அடங்கும். இது தலைகீழ்.

கை வலிக்குது, மீதி நாளைக்கு.

17.1.2024, இரவு 8:30

எம்.ஆர்.ஐ.யைப் பற்றி முதலில். சத்தம்! மில்லில் கெர்னல் (கொட்டை) உடைக்கிற பகுதியில் காதில் அடைப்பான் இல்லாமல் நின்ற மாதிரி. கடிகாரம், மோதிரம், பல்செட்டு எல்லாம் கழற்றிக் கொடுத்தேன். பச்சை அங்கியைக் கட்டும்போது நர்ஸ் தாயத்தைப் பார்த்துவிட்டார். முடிச்சு அவிழவில்லை, பூசாரி முடிச்சு. 'மாஃப் யா அங்கிள்' (மன்னிச்சுக்குங்க) என்று சொல்லிக் கத்தரிக்கோலால் ஒரே வெட்டு. வீட்டுக்காரிக்கு டாக்டர் சொன்ன 'கட்டி' கூட அவ்வளவு அதிர்ச்சி இல்லை. கயிற்றை வெட்டியதுதான் பெரிய அபசகுனம்.

இடுப்புப் பகுதியின் முதல் எலும்பான எல் 1 மட்டத்தில், தண்டுவட உறைக்கு உள்ளே, தண்டுவடத்தின் நுனியை ஒட்டி, ஒரு பாக்கு அளவில் கட்டி. பெரியவர்களுக்குத் தண்டுவடம் எல் 1, எல் 2 வாக்கில் முடிந்துவிடும். அதற்குக் கீழே நரம்புகள் குதிரை வால் மாதிரி பிரிந்து தொங்கும். அந்த வாலில் ஒரு மயிரிழையில் தொற்றிக்கொண்டிருந்தது என் ஆள்.

அறுவை ஐந்து மணி நேரம். குப்புறப் படுக்க வைத்து, எலும்பின் பின்பக்க வளைவை எடுத்து, உறையைப் பிளந்து, மைக்ராஸ்கோப்பில் பார்த்துக்கொண்டே எடுத்தார்கள். காலில் கம்பிகள் மாட்டி நரம்பு வேலை செய்கிறதா என்று கூடவே ஒருத்தர் பார்த்துக்கொண்டிருந்தாராம். கட்டி எந்த நரம்பிழையில் பிறந்ததோ அதை வெட்டித்தான் ஆகணும் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார்கள், பக்கத்து இழைகள் அந்த வேலையைப் பெரும்பாலும் ஏற்றுக்கொள்ளும் என்றார்கள். அப்படியேதான் ஆச்சு. வலது தொடையில் ஒரு வெற்றிலை அளவுக்கு மட்டும் மரத்த இடம் மிச்சம். கொசு கடித்தால் தெரியாது. அவ்வளவுதான் நஷ்டம்.

முதல் மூன்று நாள் எழுந்திருக்க விடவில்லை, மல்லாந்தே படுக்கணும். தைத்த உறை வழியாக மூளைத் தண்ணீர் கசியக் கூடாதாம். ஆனால் மல்லாந்து படுத்தேன், வலிக்கவில்லை! ஏழு மாதத்துக்கு அப்புறம். கூரை விசிறியைப் பார்த்துக்கொண்டு அழுதேன். பக்கத்துக் கட்டில் சீனப் பெரியவர் எனக்கு வலி என்று நினைத்து நர்ஸைக் கூப்பிட்டுவிட்டார்.

17.1.2024, இரவு 8:55

ஒன்றை விட்டுவிட்டேன். எடுத்த கட்டியைச் சோதனைக்கு அனுப்பி முடிவு வர மூன்று வாரம். படத்தைப் பார்த்து 'சாதுவாகத்தான் தெரிகிறது' என்பது வேறு, திசுவைப் பார்த்து 'சாதுதான்' என்று எழுதிக் கொடுப்பது வேறு. அறுவையைவிட அந்த மூன்று வாரம்தான் கொடுமை.

18.1.2024, காலை 6:50

தூக்கத்தில் ஒரு உறுத்தல். முதல் நாள் நான் எழுதிய 'அது ஒன்றும் செய்யாது' தப்பு. திருத்திக்கொள்ளுங்கள்.

ஹெமஞ்சியோமா உள்ளவர்களில் நூற்றுக்கு ஒருத்தர் வாக்கில் தொந்தரவு வரும். எலும்பு தளர்ந்து அமுங்கும், அல்லது எலும்பைத் தாண்டி நரம்புக் குழாய்க்குள் பிதுங்கும். கர்ப்பிணிகளுக்குக் கடைசி மாதங்களில் அப்படி ஆவதுண்டு, உடம்பில் ரத்தம் கூடுவதும் ஒரு காரணம். அப்படி ஆனால் எலும்புக்குள் சிமெண்ட் செலுத்துவது, கதிர்வீச்சு, அறுவை என்று வழிகள் இருக்கின்றன. ஆக, 'பெரும்பாலும் ஒன்றும் செய்யாது'. இந்தப் 'பெரும்பாலும்'-ஐ நான் முழுங்கிவிட்டேன்.

மாமாவுக்கும் ஒரு தகவல். அது ரத்தக்குழாய்க் கொத்து. கத்தி வைத்தால் ரத்தம் கொட்டும். அறுத்தே ஆகணும் என்ற நிலையிலும் முதலில் அதற்குப் போகிற குழாய்களை அடைத்துவிட்டுத்தான் பல இடங்களில் கை வைப்பார்கள். 'எதுக்கும் எடுத்துருவோம்' என்று எடுக்கிற சாமான் இல்லை அது.

அப்படியென்றால் அம்மாவுக்கு ஏன் வலி? தம்பி, 20 வருஷம் குனிந்து வெட்டியிருக்கிறார், தோளில் காண்டாக் கம்பு வைத்து இரண்டு வாளி தூக்கியிருக்கிறார். வட்டு தேய்ந்திருக்கும், தசை பிடித்திருக்கும். வலிக்காகப் படம் எடுக்கப் போய் சம்பந்தமில்லாத ஒன்று படத்தில் மாட்டிக்கொள்வது ரொம்ப நடக்கிற விஷயம். ரிப்போர்ட்டில் மற்ற வரிகளையும் படியுங்கள், வலிக்கான காரணம் அங்கே இருக்கலாம்.

19.1.2024, இரவு 10:10

'புற்று இல்லை என்று படத்தை வைத்து எப்படிச் சொல்கிறார்கள்?' நல்ல கேள்வி. எல்லாக் கட்டிக்கும் சொல்ல முடியாது. ஹெமஞ்சியோமாவுக்குப் பெரும்பாலும் முடியும். அதில் கொழுப்பு கலந்திருப்பதால் எம்.ஆர்.ஐ.யில் டி-1, டி-2 என்ற (இது எலும்பின் எண் இல்லை) இரண்டு வகைப் படத்திலும் வெள்ளையாகத் தெரியும். வேறு இடத்திலிருந்து எலும்புக்கு வந்த புற்று டி-1 படத்தில் பொதுவாகக் கறுத்துத் தெரியும். சி.டி. ஸ்கேனில் குறுக்காக வெட்டிப் பார்த்தால் இன்னும் அழகு: எலும்புக்குள் மிஞ்சியிருக்கிற தடித்த நாரிழைகள் வெள்ளைப் புள்ளி புள்ளியாக நிற்கும், கோலம் போடுவதற்கு முன்னால் வாசலில் வைத்த புள்ளி மாதிரி. அதே எலும்பைப் பக்கவாட்டு எக்ஸ்ரேயில் பார்த்தால் நெட்டுக்கோடாகத் தெரியும். என் டாக்டர் வேறொருவர் படத்தில் காட்டினார், பெயரை மறைத்துவிட்டு. 'இதில் ஒரு சிக்குக் கோலம் போடலாமே டாக்டர்' என்றேன். அவர் சிரிக்கவில்லை, மலாய்க்காரர், கோலம் புரிந்திருக்காது.

கொழுப்புக் குறைந்த ஹெமஞ்சியோமா டி-1-இல் வெள்ளையாக இருக்காது, அப்போது சந்தேகம் வரும். இன்னொரு படம், சில சமயம் ஊசி வைத்துத் திசு எடுப்பது என்று போகும். நம் நாட்டில் எலும்புக் காசநோயும் உண்டு, அதையும் மனதில் வைத்துத்தான் பார்ப்பார்கள். காய்ச்சல், இரவில் வியர்வை, காரணமில்லாமல் எடை குறைவது, முன்பு எங்கேயாவது புற்றுநோய் வந்திருப்பது, இதில் எது இருந்தாலும் டாக்டர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள்.

19.1.2024, இரவு 10:25

ஒருத்தர் கீழே போட்டிருக்கிறார்: 'சாது மிரண்டால் காடு கொள்ளாது'. யோவ்! ஒரு வாரமாக அந்த அம்மாவைச் சாப்பிட வைக்கப் பாடுபடுகிறேன்.

21.1.2024, மாலை 5:30

எங்கள் தாமானில் (குடியிருப்பு) ஒரு பையன் கதை, வேறு வகைக் கட்டி. 14 வயது. முதுகு ஒரு பக்கமாகச் சாய்ந்துகொண்டே போச்சு. பள்ளிக்கூடப் பை கனம் என்று அம்மா ஆசிரியரிடம் சண்டை. பை கனம்தான், நானே எடை போட்டுப் பார்த்தேன், தொழில் பழக்கம். ஆனால் பை முதுகைச் சாய்ப்பது வேறு, வலிக்குப் பயந்து முதுகு தானாகச் சாய்வது வேறு. இவன் இரவில் எழுந்து அழுவான். மாத்திரை போட்டால் அரை மணியில் அடங்குவான்.

ஆஸ்டியாய்ட் ஆஸ்டியோமா. குண்டுமணி மாதிரி சின்னது, 2 செண்டிமீட்டருக்குள்தான் இருக்கும். முதுகெலும்பின் பின்பக்க வளைவில் உட்காரும், பத்து வயதிலிருந்து இருபத்தைந்துக்குள் அதிகம். அது சுரக்கிற புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருள்தான் வலியைக் கிளப்புகிறது. ஆஸ்பிரின் வகை மாத்திரைகள் அதையே அடைத்துப் போடுவதால்தான் அப்படிச் சட்டென்று அடங்குகிறது. இதன் அண்ணன் ஒருவன் இருக்கிறான், ஆஸ்டியோபிளாஸ்டோமா, 2 செண்டிமீட்டருக்கு மேல், மாத்திரைக்கு அவ்வளவாக மசியமாட்டான்.

சி.டி. பார்த்துக்கொண்டே ஊசியை உள்ளே விட்டு 90 டிகிரி வாக்கில் சில நிமிஷம் சுட்டுவிடுகிற முறை இருக்கிறது. இவனுக்கு நரம்பை ஒட்டியிருந்ததால் அறுத்தே எடுத்தார்கள். முதுகு கொஞ்ச மாதத்தில் நிமிர்ந்தது. இப்போது பூப்பந்து விளையாடுகிறான். அவன் அம்மா பையைப் பற்றிய சண்டையை இன்னும் விடவில்லை.

21.1.2024, மாலை 6:15

அவசரமாகச் சேர்க்கிறேன். 'அப்படின்னா ஆஸ்பிரின் கொடுத்துச் சோதிச்சுப் பார்க்கலாமே' என்று ஒரு அக்கா. வேண்டாம் அக்கா, தயவுசெய்து. பிள்ளைகளுக்கு ஆஸ்பிரின் ஆபத்து. அதோடு நம் ஊரில் டெங்கி எப்போதும் சுற்றிக்கொண்டிருக்கிறது, டெங்கிக் காய்ச்சலில் அந்த வகை மாத்திரை போட்டால் ரத்தக் கசிவில் கொண்டுபோய் விடும். 'எப்போ வலிக்குது, எதுக்கு அடங்குது' என்று டாக்டரிடம் சொல்லத்தான் அந்தக் கதையைப் போட்டேன்.

24.1.2024, இரவு 7:00

நாளை தைப்பூசம். கேள்வி வந்துவிட்டது: ஹெமஞ்சியோமாவோடு காவடி எடுக்கலாமா? எந்த எலும்பு, எவ்வளவு பெரிது, எலும்பு பலமாக இருக்கிறதா என்று பார்த்த டாக்டர்தான் சொல்லணும். நான் 2016-க்கு முன்னால் ஈப்போ குனோங் சீரோ முருகன் கோயிலில் ஒன்பது வருஷம் காவடி. இப்போது பால்குடம். முருகன் எடை பார்ப்பதில்லை, நான்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

27.1.2024, இரவு 9:20

கால் வலி. பால்குடத்தால் இல்லை, ரோட்டில் நின்றதால்.

அந்தக் காலத்தில் இதெல்லாம் வந்தால் என்ன செய்திருப்பார்கள் என்று கேட்டீர்கள். தோட்டத்தில் என்றால் டிரசர் (தோட்டத்து மருத்துவ உதவியாளர்) ஊதா மருந்து பூசியிருப்பார், எதற்கும் அதுதான். உலகத்தில் முதன்முதலாகத் தண்டுவட உறைக்குள் இருந்த கட்டியைக் கண்டுபிடித்து வெற்றிகரமாக எடுத்தது 1887-இல், லண்டனில். நோயாளி ஒரு ராணுவ அதிகாரி, வருஷக்கணக்கில் வலி, கடைசியில் கால் விழுந்துவிட்டது. எம்.ஆர்.ஐ. கிடையாது, எக்ஸ்ரேயே 1895-இல்தான். கவர்ஸ் என்ற நரம்பு டாக்டர், எங்கே உணர்ச்சி இருக்கிறது எங்கே இல்லை என்று உடம்பில் தொட்டுத் தொட்டுப் பார்த்தே கட்டி இந்த மட்டத்தில்தான் என்று கணக்குப் போட்டார். ஹார்ஸ்லி என்ற அறுவை டாக்டர் திறந்தார். அந்த இடத்தில் கட்டி இல்லை! இன்னும் கொஞ்சம் மேலே எலும்பை எடுத்துப் பார்த்தார்கள், இருந்தது, சாதுவான கட்டி. அந்த மனிதர் மறுபடி நடந்தார்.

அந்த 1887-இல் நம் பக்கத்துக் கோலகங்சாரில் 1877-இல் நட்ட ரப்பர் கன்றுகளுக்குப் பத்து வயது. நம் கொள்ளுத்தாத்தாக்கள் இன்னும் கப்பலே ஏறியிருக்கமாட்டார்கள். பஞ்சும் ஊசிமுனையும்தான் அன்றைக்கும். அந்த ஹவுஸ்மேன் பிள்ளை என் காலில் செய்ததும் அதே வேலைதான்.

28.1.2024, காலை 8:00

என்னை ஏழு மாதம் ஊசி போட்டு அனுப்பிய டாக்டரைத் திட்டி மூன்று பேர் எழுதியிருக்கிறீர்கள். நானும் நாலு வருஷம் திட்டினேன். இப்போது அவ்வளவு இல்லை. அவர் கிளினிக் செம்பனைத் தோட்டத்துக்கு நடுவில் இருக்கிறது. குலை வெட்டுகிறவன், குலை தூக்குகிறவன், லாரி ஓட்டுகிறவன், நாள் முழுக்க வருகிற எல்லோருக்கும் குறுக்கு வலி. அத்தனை பேரையும் எம்.ஆர்.ஐ.க்கு அனுப்ப முடியாது. நானும் சாய்வு நாற்காலியைப் பற்றி அவரிடம் சொன்னதே இல்லை. வெட்கம். பெண்டாட்டியோடு படுக்கவில்லை என்று சொல்வது மாதிரி இருந்தது.

ஆனாலும் கேட்டிருக்கலாம்.

2.2.2024, இரவு 10:30

அடுத்த தெரு பெரியம்மா கதையையும் போடச் சொல்லி அவர் மகளே கேட்டார். 67 வயது. இரண்டு வருஷமாக 'கால் கனக்குது' என்பார். வலி இல்லை. வயசாச்சு என்று எல்லோரும் விட்டுவிட்டார்கள். கோயில் படியில் கால் மாட்டி விழுந்த பிறகுதான் படம் எடுத்தார்கள். மெனிஞ்சியோமா, தண்டுவட உறையிலிருந்து வளர்வது, முதுகு நடுவில். நடுவயது தாண்டிய பெண்களுக்குத்தான் அதிகம். எடுத்தார்கள், ஊன்றுகோலோடு நடக்கிறார். வலி இல்லை என்பதால் ஒன்றும் இல்லை என்று ஆகாது என்பதற்காகச் சொல்கிறேன்.

மற்ற வகைகள் நிறைய. இடுப்புக்குக் கீழ் திரிகம் எலும்பில் பெருஞ்செல் கட்டி, சாது என்று பேர், எலும்பைத் தின்னும். பிள்ளைகளுக்கு ரத்தம் நிறைந்த எலும்புப் பை. தோலில் தே தாரே நிறத்தில் ஆறேழு திட்டு இருந்து நரம்புக் கட்டிகளும் இருந்தால் அது குடும்பத்தில் ஓடுகிற நோயாக இருக்கலாம், பிள்ளைகளையும் காட்டணும். எல்லாவற்றையும் நான் எழுத முடியாது, எனக்கு எழுதத் தெரிந்தது என் கட்டியைப் பற்றித்தான்.

ஒன்று மட்டும் அழுத்திச் சொல்கிறேன், எந்த வகையானாலும். கால் பலம் குறைந்துகொண்டே போவது, மூத்திரம் வராமல் அடைப்பது அல்லது தெரியாமல் போவது, மோட்டார் சைக்கிள் சீட்டில் படுகிற இடம் (தொடையிடுக்கும் பிட்டமும்) மரத்துப் போவது. இதில் ஒன்று வந்தாலும் அன்றைக்கு ராத்திரியே அவசரப் பிரிவு. 'நாளைக்கு கிளினிக் கெசிஹாத்தானில் (அரசாங்கக் கிளினிக்) பார்த்துக்கலாம்' என்று தூங்கப் போகாதீர்கள். நரம்பு அழுந்திய நேரம் கூடக் கூட, திரும்பி வருவது குறையும்.

18.2.2024, மதியம் 2:15

தம்பி எழுதியிருக்கிறார். அம்மாவை நிபுணர் பார்த்துவிட்டார். ஹெமஞ்சியோமா எலும்புக்குள்ளேயே இருக்கிறது, நரம்பைத் தொடவில்லை, ஒன்றும் செய்ய வேண்டாம். வலி இடுப்பில் எல் 4, எல் 5 எலும்புகளுக்கு நடுவில் இருக்கிற வட்டிலிருந்து. உடற்பயிற்சிக்கு அனுப்பியிருக்கிறார்கள். அம்மா கேட்டாராம், 'அந்தக் கெதும்புஹானை அப்படியே விட்டுட்டுப் போறதா?' டாக்டர் சொன்னாராம், 'மாக்சிக் (அம்மா), அது ரொம்ப வருஷமா உங்களோட குடியிருக்கு. வாடகை கேட்காம விட்டுடுங்க.'

நல்ல டாக்டர். என் லோங்காங்கைவிட அவர் வாடகை நன்றாக இருக்கிறது, பொறாமைதான்.

மாமா என்ன சொல்கிறார் என்று தம்பி எழுதவில்லை.

11.3.2024, இரவு 9:45

சாப்பிடுகிறாரா என்று கேட்டிருந்தேன். முட்டைக்கோசு பிரட்டலும் கருவாட்டுச் சம்பலும் சாப்பிடுகிறாராம். உடற்பயிற்சியில் பெரிய பந்துமேல் உட்காரச் சொல்கிறார்கள், வெட்கமாக இருக்கிறது என்று போக மறுக்கிறாராம். போகச் சொல்லுங்கள் தம்பி. வெட்கத்தில் ஏழு மாதம் நாற்காலியில் தூங்கிய ஆள் ஒருத்தர் சொன்னார் என்று சொல்லுங்கள்.

நாளைக்கு எனக்கு எம்.ஆர்.ஐ. ஷ்வானோமாவை முழுசாக எடுத்தால் திரும்பி வருவது குறைவு, ஆனாலும் இடையிடையே பார்க்கிறார்கள். முதலில் மூன்றாம் மாதம், அப்புறம் வருஷத்துக்கு ஒன்று, இப்போது இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒன்று. எட்டு வருஷத்தில் இது ஆறாவது.

காலை ஆறு மணிக்குக் கிளம்பணும். புதுத் தாயத்தை இப்போதே அவிழ்த்துச் சாமி மேடையில் வைத்தாச்சு. இந்தத் தடவை வீட்டுக்காரியே முடிச்சு போட்டாள், சுருக்கு முடிச்சு, இழுத்தால் வந்துவிடும்.